ஸ்டீபன் சார் வருவார் என்று சொன்னவர்

சனிக்கிழமை காலை மாட வீதியில் முருங்கைக்கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் அருள்மேரி என்று பெயர் வந்தது. எடுத்த எடுப்பிலேயே கத்திவிட்டேன்.

"ஏம்மா, ஒரு சனிக்கிழமைகூட என்னை நிம்மதியா கீரை வாங்க விடமாட்டீங்களா? திங்கட்கிழமை பேட்ச் பத்திதானே? அதான் நேத்தே பேசியாச்சே!"

பதிலுக்கு ஓர் ஆண் குரல் கேட்டது.

"சார், நான் அந்தோணி பேசறேன். அருளோட வீட்டுக்காரரு."

அந்தோணி ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகம் பேசாதவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "விடியக்காலைல நெஞ்ச அடைக்குதுன்னா சார். என் ஆட்டோலயே தூக்கிப் போட்டுக்கினு ஓடுனேன். போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிட்ச்சு. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. அவ போன எடுத்தா மேல உங்க பேருதான் இருந்திச்சு. கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்கா."

கீரைக்கார அம்மாள் கட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். வாங்கினேனா, காசு கொடுத்தேனா, ஒன்றும் நினைவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது கையில் கீரை இருந்தது. என் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்னா, என்ன ஆச்சு?" என்றாள். சொன்னேன். அவள் அப்படியே சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "நேத்திக்கு சாயங்காலம் என்கிட்ட வத்தக்குழம்பு எப்படிப் பண்றதுன்னு கேட்டுண்டு இருந்தாளே. நம்மாத்துக்கு வரேன்னாளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை.

அருள்மேரி அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராயப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மூன்றாவது மாடியில் இருக்கிறது எங்கள் பயிற்சி மையம். படித்தோ பாதியில் விட்டோ வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு மூன்று மாதம் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறோம். செல்போன் ரிப்பேர், எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் போர்டு, இப்படி. பீஸ் கிடையாது. அதோடு, ஒழுங்காக வருகிறவர்களுக்கு மாதாமாதம் கைச்செலவுக்கு ஸ்டைபண்ட் என்று ஓர் உதவித்தொகையும் உண்டு. நான் அங்கே பாடம் எடுக்கிறவன். அருள்மேரி ஆள் சேர்க்கிறவர். அந்த வேலைக்கு மொபிலைசர் என்று பெயர். ஆள் திரட்டுபவர் என்று தமிழில் சொன்னால், கட்சி மாநாட்டுக்கு லாரி பிடிக்கிறவர் மாதிரி கேட்கிறது. அவரே தன்னை 'புள்ள புடிக்கிறவ' என்றுதான் சொல்லிக்கொள்வார்.

எலெக்ட்ரானிக்ஸ் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. கடைசி வரை தெரிந்துகொள்ளவும் இல்லை. ரெசிஸ்டரைக் கையில் எடுத்துப் பார்த்து, "இன்னா சார் இது, அரிசிக்குக் கலர் கோடு போட்டாப்பல கீது" என்பார். ஆனால் பட்டினப்பாக்கத்திலும் மந்தைவெளியிலும் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டிலும் எந்த வீட்டில் எந்தப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு சும்மா இருக்கிறாள், எந்தப் பையன் கேரம் போர்டு பக்கமே குடியிருக்கிறான் என்பது அவருக்கு அத்துப்படி. எங்கள் மையத்துக்கு வருவதற்கு முன் அந்த வீடுகளுக்கெல்லாம் தவணையில் புடவையும் நைட்டியும் கொண்டுபோய் விற்றவர் அவர். அருள் வந்தால் கதவைச் சாத்துகிற வீடு அந்தப் பக்கம் கிடையாது.

நான் எப்படிப்பட்டவன் என்றும் சொல்லிவிட வேண்டும். டி.வி. கம்பெனி ஒன்றில் சர்வீஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நின்றால் கத்துவேன், உட்கார்ந்தால் கத்துவேன். அருள்மேரி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னிடம் வந்து, "சார், நான் ஒவ்வொரு வூடா ஏறி எறங்கி புள்ளைங்கள இட்டாறேன். நீங்க மூஞ்ச இப்டி வெச்சிக்கினு ஒக்காந்திருந்தா அதுங்க படியேறி வந்த வழியே போய்டும்" என்றார். என்னிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை.

அந்த வாரமே என்னைப் பட்டினப்பாக்கத்துக்கு அழைத்துப் போனார். "நீங்களே வந்து ஒருவாட்டி பேசுங்க சார், பெரியவங்க சொன்னா கேப்பாங்க" என்றார். போனேன். தண்ணீர் லாரி வந்திருந்த நேரம். குடங்களின் நடுவே நின்றுகொண்டு மின்னணுத் துறையின் வளர்ச்சி, எதிர்காலம், வேலைவாய்ப்பு என்று நீட்டி முழக்கினேன். ஒருவர்கூடக் குடத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் ஒரு பெண்மணி இடுப்புக் குடத்தோடு நின்று, "அருளு, இந்த சாரு இன்னாத்த விக்கிறாரு?" என்று கேட்டார்.

"விக்கலக்கா. உன் பொண்ணு தேவி வூட்ல சும்மாதான கீது? இவருகிட்ட அனுப்பு. தொழிலும் கத்துக் குடுத்து, ஸ்டைபண்டும் குடுக்குறாங்க."

"யாரு குடுக்குறாங்க?"

"ஸ்டைபண்டுக்கா, ஸ்டைபண்டு."

"ஸ்டீபனா? எந்த ஸ்டீபன்? சர்ச்சுல ஆர்மோனியம் வாசிப்பாரே, அவரா? அவருக்கே ஆயிரத்தெட்டு கஷ்டம், அவரு எங்க குடுக்கப் போறாரு?"

நான் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அருள்மேரியின் கையிலிருந்த குடையின் முனை என் செருப்பின் மேல் அழுந்தியது. வலித்தது.

"இல்லக்கா, அவரு வேற. இவரு பெரிய மனுசன். படிக்கிற புள்ளைங்க வூட்டுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு குடுக்குறாரு. ஆனா ஒண்ணு. தெனமும் கிளாசுக்கு வரணும். லேட்டா வந்தா ஸ்டீபன் சாருக்குப் புடிக்காது."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மாள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தார். மற்றவர்களும் கூடிவிட்டார்கள். தண்ணீர் லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டார். அன்று ஒரே நாளில் பாதி வகுப்பு நிரம்பியது.

திரும்பி வரும் பஸ்ஸில் சண்டை போட்டேன். ஸ்டைபண்ட் என்பது உதவித்தொகை, அது ஆள் இல்லை, படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே தப்பான வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தால் உருப்படுமா என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு பர்ஸிலிருந்து ஓர் இஞ்சி மரப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "தொண்ட கட்டிக்கப் போது சார்" என்றார்.

அந்த இஞ்சி மரப்பா எங்கள் மையத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் யாரையாவது திட்டி அனுப்பினால், வகுப்பு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அருள்மேரி அந்தப் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்வார். வாயில் ஒரு மரப்பா. "சாருக்குக் கோவம் வந்தா உன் மேல அக்கறன்னு அர்த்தம் நைனா. கோவம் இருக்குற எடத்துலதான் கொணம் இருக்கும். கண்ணத் தொடச்சிக்கினு உள்ள போ." பிள்ளை மரப்பாவை ஒரு கன்னத்தில் அடக்கியபடி திரும்பி வரும். என் வகுப்பில் எப்போதும் இஞ்சி வாசனை அடிக்கும். ஈயப் புகையும் இஞ்சியும் கலந்த வாசனை அது. இப்போது நினைத்தாலும் மூக்கில் வருகிறது.

ஸ்டீபன் சார் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனார். பரீட்சையில் காப்பி அடித்தால் ஸ்டீபன் சாருக்குப் பிடிக்காது. வகுப்பில் செல்போன் நோண்டினால் பிடிக்காது. மாதக் கடைசியில் பிள்ளைகள், "சார், ஸ்டீபன் வந்துட்டாரா?" என்று கேட்பார்கள். பேங்கில் பணம் ஏறிவிட்டதா என்று அதற்கு அர்த்தம். நான் கரும்பலகையில் ஸ்டைபண்ட் என்று பெரிய எழுத்தில் எழுதி எல்லோரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னேன். அழகாக வாசித்துவிட்டு, "சார், அப்போ ஸ்டீபன் எப்போ வருவாரு?" என்றார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். கொடுமை என்னவென்றால், கொஞ்ச நாளில் என் வீட்டிலேயே, "ஏன்னா, உங்க ஸ்டீபன் இந்த மாசம் வந்துட்டாரோ?" என்று கேட்க ஆரம்பித்தாள் என் மனைவி. அவளுக்கும் அருள்மேரிக்கும் போனில் தினசரிப் பேச்சு.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. அந்த முதல் வருஷத் தீபாவளி சமயத்தில் வேடிக்கை நின்றுபோனது.

தீபாவளிக்கு முன்னால் தி. நகர் ஜவுளிக் கடைகளில் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். காலையிலிருந்து இரவு வரை நிற்கிற வேலை. கையில் உடனே காசு. வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணை அங்கே அனுப்பாமல் வைத்திருக்க ஏழை வீட்டில் ஒரு காரணம் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் காரணம் உதவித்தொகைதான். அந்த வருஷம் பார்த்து அது வரவில்லை. மேலே எங்கேயோ ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பரீட்சை தீபாவளி கழித்துத்தான். நடுவில் கடைக்குப் போய்விட்டால் சான்றிதழ் கிடையாது, படித்த படிப்பு அத்தனையும் தண்டம். ஒரு தடவை கடையில் போய் நின்ற பெண் திரும்பி வந்ததாக எங்கள் அனுபவத்தில் இல்லை.

அருள்மேரி ஒவ்வொரு நாளும் மாலையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். என்ன சொல்லி நிறுத்திவைத்தார் என்பது எனக்குத் தேவி மூலமாகத்தான் தெரிந்தது. குடத்தை இறக்கி வைத்தாரே, அந்த அம்மாளின் மகள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து கேட்டாள்.

"சார், ஸ்டீபன் சாருக்கு ஒடம்பு இப்ப எப்டி சார் கீது?"

"யாருக்கு?"

"ஸ்டீபன் சாருக்குத்தான். படுத்த படுக்கையா கீறாருன்னு அக்கா சொன்னாங்க. அம்மா பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துச்சு. நம்ம கிளாசு கனிமொழியோட அம்மா முண்டகக்கண்ணி அம்மனுக்கு எலுமிச்சம்பழ விளக்கு போட்டாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நேராக வாசல் நாற்காலிக்குப் போனேன். "இல்லாத ஆளுக்கு ஊரே வேண்டிக்குது! இது உங்களுக்கே நியாயமா இருக்காம்மா? உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே? பணம் தாமதமாகுது, ஆனா கட்டாயம் வரும்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அன்று மரப்பாவும் நீட்டவில்லை.

"சொல்லிப் பாத்துட்டேன் சார். பணம் வரும், பணம் வரும்னு அவுங்க எத்தினி பேருகிட்ட கேட்டிருக்காங்க தெரியுமா? நிவாரணம் வரும்னாங்க, வூடு வரும்னாங்க, வேல வரும்னாங்க. பணம் வரும்னா நம்ப மாட்டாங்க சார். ஆளு வருவாருன்னா காத்துக்கினு இருப்பாங்க."

"வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அந்த முகத்தில் இருந்த பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

பணம் வந்துவிட்டது. தீபாவளிக்குச் சில நாள் முன்பாக எல்லோருக்கும் சேர்த்து மொத்தமாக ஏறியது. ஒரு பிள்ளைகூட விலகவில்லை. அடுத்த நாள் தேவியின் அம்மா, ஸ்டீபன் சார் தேறிவிட்ட சந்தோஷத்தில், அவருக்கென்று ஒரு தூக்கு நிறைய வஞ்சிரம் மீன் வறுத்து எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். "சார் வந்தா சூடு பண்ணிக் குடுங்க" என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மயிலாப்பூர் மாட வீதியில் பிறந்து வளர்ந்த நான் அந்தத் தூக்கையும் அருள்மேரியையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "ஸ்டீபன் சாருக்குப் பதிலா நானே சாப்புட்டுக்கறேன் சார், நீங்க ஜன்னலத் தொறந்து வெச்சிக்கங்க" என்றார். பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

தேவி பாஸ் செய்தாள். இன்று அடையாற்றில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் போர்டு வேலை முழுக்க அவள் பொறுப்பு. அவளைப் போல எத்தனையோ பேர்.

இனி கடைசி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை புது பேட்ச் தொடங்க வேண்டும். முதல்முறையாகப் பெண்களுக்கு மட்டுமான பேட்ச். அருள்மேரி ஆசைப்பட்டுச் சண்டை போட்டு வாங்கியது. ஆனால் பணம் தருகிற மேலிடத்தில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். முதல் நாள் எல்லா இடமும் நிரம்ப வேண்டும், ஓர் இடம் காலியாக இருந்தாலும் பேட்சை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று. ஓர் இடம்தான் இழுத்துக்கொண்டிருந்தது. கனகா என்று ஒரு பெண். அம்மா செல்வி மீன் விற்கிறவர், அவருக்குச் சம்மதம். அப்பா மட்டும் தி. நகர் கடையில் பேசி வைத்துவிட்டார்.

அன்று மாலை அருள்மேரி படியேறி வந்தவர் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நடுப்படியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல சார், மூச்சு வாங்குது. வெயில்ல அலைஞ்சது."

"டாக்டர்கிட்ட போங்க. இப்பவே போங்க."

"திங்கக்கெழம முடியட்டும் சார். கனகா வந்து ஒக்காந்துட்டா நான் போயி படுத்துக்கறேன்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "சார், நீங்க ஒருவாட்டி அவுங்க வூட்டுக்கு வாங்களேன்" என்றார்.

"நான் வந்தா இருக்கிற பொண்ணும் ஓடிடும். உங்க ஸ்டீபனைக் கூட்டிண்டு போங்க. என்னால பொய்யெல்லாம் பேச முடியாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நீங்க ஒண்ணும் பேச வேணாம் சார். சும்மா வந்து நின்னா போதும்."

"என்னம்மா உளர்றீங்க?" என்றேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து மெதுவாக இறங்கினார். ராத்திரி ஒருமுறை போன் செய்து, காலையில் கனகா வீட்டுக்குப் போய்ப் பேசுவதாகச் சொன்னார். போகவில்லை. போக முடியவில்லை.

சாந்தோமில் அவர் வீடு இருக்கிற சந்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஷாமியானா போட்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து மகள் வந்து சேர வேண்டும் என்பதால் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நீலப் புடவை. கைகளில் ஜெபமாலை. அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. எப்போதும் நடந்துகொண்டோ பேசிக்கொண்டோ இருக்கிற மனுஷி இப்படி வாய் மூடிப் படுத்திருந்ததைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. அழுதேன். அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சந்து நிறையப் பிள்ளைகள். எங்கள் பிள்ளைகள். அடையாறு, ராயப்பேட்டை, ரிச்சி தெரு என்று எங்கெங்கோ வேலை பார்க்கிறவர்கள் போட்டது போட்டபடி வந்திருந்தார்கள். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று பெட்டியின் ஓசை நின்றுபோனது. அதுவரை அந்த ஓசை இருந்ததையே யாரும் கவனிக்கவில்லை. நின்றதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பெட்டிக்காரருக்குப் போன் போட்டார்கள், எடுக்கவில்லை. வெயில் கொளுத்துகிறது, மகள் இன்னும் வேலூரே தாண்டவில்லை. அந்தோணி கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, இன்னா பண்ணுவேன்" என்றார்.

அடுத்த நொடி, இழவு வீட்டில் சொல்லக் கூடாது, ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அத்தனை சட்டைப் பையிலிருந்தும் கைப்பையிலிருந்தும் டெஸ்டர்கள் வெளியே வந்தன. ஒருவன் பியூஸ் என்றான். ஒருத்தி பிளக் என்றாள். இன்னொருவன் கம்ப்ரஸரே போயிடுச்சு மச்சி என்றான். ஒரு தடியன் நேராகப் போய் ஜங்ஷன் பாக்ஸில் விரலை விடப் போனான்.

"டேய்!" என்று கத்தினேன். "மெயினை ஆஃப் பண்ணாம எவன்டா அதுல கை வைக்கறது? இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேனா? எல்லாரும் தள்ளி நில்லுங்கடா!"

சந்தே அடங்கிவிட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். தேவி மட்டும் மெயினை அணைத்துவிட்டு வந்து தரையில் மண்டியிட்டாள். பிளக்கைத் திறந்தாள். உள்ளே ஒரு வயர் கருகி விட்டுப்போயிருந்தது. நுனியை வெட்டி, சீவி, முறுக்கி, இறுக்கினாள். கண்ணீர் பாட்டுக்குக் கண்ணீர், கை பாட்டுக்குக் கை. முடித்ததும், வகுப்பில் செய்வது போலவே என்னை நிமிர்ந்து பார்த்து, "சார், ஆன் பண்ணட்டா?" என்றாள்.

"பண்ணு" என்றேன்.

பெட்டி ஓட ஆரம்பித்தது. அந்தோணி கண்ணாடியில் நெற்றியை வைத்து, "பாத்தியாடி அருளு, உன் புள்ளைங்கள" என்றார். அப்புறம் அங்கே அழாதவர் ஒருவரும் இல்லை.

நான் ஓரமாகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மீன்கூடைச் சும்மாட்டுத் துணியைக் கையில் பிடித்தபடி ஒரு பெண்மணி என் முன்னால் வந்து நின்றார். பின்னால் ஒரு பெண் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், நான் செல்வி. இது எம் பொண்ணு கனகா. நீங்கதான ஸ்டீபன் சாரு?"

நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன்.

"அருளு சொல்லிக்கினே இருக்கும் சார். ஸ்டீபன் சாரு ஒசரமா இருப்பாரு, கண்ணாடிய நெத்தி மேல ஏத்தி வெச்சிக்கினு அதையே தேடிக்கினு இருப்பாரு, வாயத் தொறந்தா கத்துவாரு, ஆனா வந்த புள்ளைல ஒண்ணக்கூடப் பாதில வுட மாட்டாருன்னு. நீங்க கத்துனீங்க பாருங்க, ஒடனே கண்டுக்கினேன்."

கை தானாக நெற்றிக்குப் போனது. கண்ணாடி அங்கேதான் இருந்தது.

இத்தனை வருஷமும் அந்த அம்மாள் யாரைப் பற்றி வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அருளு போய்ட்ச்சே சார்" என்றார் செல்வி. குரல் இறங்கிவிட்டது. "இவ அப்பா சொல்றாரு, அருளே இல்ல, இனிமே அந்த கிளாசு எங்க நடக்கப் போதுன்னு. திங்கக்கெழம கடைக்கே அனுப்பிடுன்றாரு. நீங்க சொல்லுங்க சார். கிளாசு கீதா?"

கனகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, அது ஸ்டைபண்ட், ஸ்டீபன் இல்லை என்ற பழைய பாட்டு நாக்கு நுனி வரை வந்தது. ஐஸ் பெட்டியைப் பார்த்தேன்.

"ஆமாம்மா. நான்தான்" என்றேன். "கிளாஸ் உண்டு. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லுங்க. அவ அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. லேட்டா வந்தா எனக்குப் பிடிக்காது."

செல்வி மகள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியாடி?" என்றார். பிறகு சும்மாட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருள்மேரியைப் பார்க்கப் போனார்.

மகள் வந்து சேர்ந்த பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனோம். எனக்கு அவர்கள் ஜெபம் தெரியாது. பிள்ளைகளோடு வரிசையில் நின்று நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

இதை எழுதுவது திங்கட்கிழமை மாலை. காலையில் ஒன்பதரைக்கு ஓர் இடத்தைத் தவிர எல்லா இடமும் நிரம்பியிருந்தது. மேலிடத்து ஆள் ஒருவர் வந்து கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நானும் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்தபடி நின்றேன். பத்து அடிக்கும் நேரத்தில் தடதடவென்று படியேறி வந்தாள் கனகா. கீழே அவள் அப்பா சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அவரே கொண்டுவந்து விட்டிருக்கிறார். மேலிடத்து ஆள் எல்லா இடமும் நிரம்பியதாகப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

அருள்மேரி, அவளை நான் வாசலிலேயே நிறுத்திக் கத்திவிட்டேன். முதல் நாளே லேட்டா என்று மாடி அதிரக் கத்தினேன். நீங்கள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறீர்களே, அந்த ஆளாக நடந்துகொள்ளாவிட்டால் உங்கள் வாக்கு என்ன ஆவது? கனகாவின் கண் நிறைந்துவிட்டது. பழக்க தோஷத்தில் நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. மரப்பா கொடுக்க ஆள் இல்லை. மையத்திலிருந்து வரும் வழியில் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருக்கிறேன். நாளையிலிருந்து அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இளைப்பாறுங்கள், அம்மா.